காற்றில் ஓடும் சிறு எஞ்சின் ஆவியில் நின்றுவிடுகிறது: உதவி தேவை

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு)

வணக்கம். வீட்டின் பின்கட்டில் உள்ள சிறிய லேத்தில் கடைந்து, 10 மில்லிமீட்டர் உள்விட்டமும் 16 மில்லிமீட்டர் வீச்சும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட, சிலிண்டரே அச்சாணியில் ஊசலாடும் நீராவி எஞ்சின் ஒன்றைப் பித்தளையில் செய்திருக்கிறேன். இதுவே என் முதல் எஞ்சின். கம்ப்ரசர் காற்றில் 1 பார் அழுத்தத்திலேயே மடமடவென்று ஓடுகிறது. கொதிகலனுடன் இணைத்தாலோ ஐந்தாறு சுற்றுக்குள் நின்றுவிடுகிறது. சக்கரத்தைக் கையால் திருப்பினாலும் ஓரிடத்தில் கல்லில் முட்டியதுபோல் நிற்கிறது. ஆவி கசிந்ததால், சிலிண்டரை ஆவித்துளைகள் உள்ள தகட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று இறுக்கினேன். கொதிகலனிலிருந்து வரும் செம்புக் குழாயின் நீளம் 30 சென்டிமீட்டர். தவறு எங்கே?

மறுமொழி (செந்தூல், கோலாலம்பூர்)

உள்ளே தண்ணீர் நிற்கிறது, தம்பி. குளிர்ந்த பித்தளையில் பட்ட ஆவி நீராகிவிடுகிறது. பிஸ்டன் மேல்முனையை எட்டும் கணத்தில் ஆவி நுழையும் துளை, வெளியேறும் துளை இரண்டும் மூடியிருப்பதால் அந்நீருக்குப் போக்கிடமில்லை, நீரோ அமுங்காது. அப்போது சிலிண்டர் தகட்டிலிருந்து மயிரிழை விலகி நீரைத் துப்ப வேண்டும். ஸ்பிரிங்கை இறுக்கி அந்த வழியையும் அடைத்துவிட்டீர்கள். என் தந்தையார் இங்குள்ள ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். புறப்படும் நீராவி எஞ்சினின் பக்கவாட்டில் வெண்மையாகச் சீறுவது மிடுக்குக்காக அல்ல, ஓட்டுநர் வடிகுழாயைத் திறந்து சிலிண்டர் நீரை வெளியேற்றுகிறார் என்று அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

குழாயை 10 சென்டிமீட்டராகக் குறைத்துப் பருத்தி நூலைச் சுற்றுங்கள். ஆவியைச் சிறிதே திறந்து, சிலிண்டர் நன்றாகச் சூடேறும்வரை சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். கசிவுக்கு மருந்து ஸ்பிரிங் அல்ல, மட்டமான முகம். தகட்டோடு உரசும் சிலிண்டர் முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, கண்ணாடித் தகட்டில் விரித்த 800ஆம் எண் எமரித் தாளில் தேயுங்கள். மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்.

மறுமொழி (பட்டர்வொர்த்)

தையல் இயந்திர எண்ணெய் விடுகிறீர்களா? ஆவி அதைக் கழுவிவிடும். நீராவி சிலிண்டருக்கான 460 தரக் கெட்டி எண்ணெயே நிற்கும். கொதிகலனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே. ஈயப்பற்று 200 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும் என்பதால், தண்ணீர் வற்றினால் இணைப்பே பிரிந்துவிடும். வெள்ளிப்பற்று வைத்து, வேலை அழுத்தத்தின் இருமடங்கில் குளிர்நீரால் சோதித்த பிறகே அடுப்பை மூட்டுங்கள்.

கேட்டவர்

ஐயா இருவருக்கும் நன்றி. தேய்த்துப் பார்த்தபோது அச்சாணியைச் சுற்றி மட்டும் பளபளத்தது, ஆவித்துளையின் பக்கம் மை அப்படியே இருந்தது. அச்சாணிக்கு மரை வெட்டியபோது எழுந்த பிசிறை நான் எடுக்கவே இல்லை. அதை நீக்கி, முகத்தை மட்டமாக்கி, ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன். நேற்றிரவு ஏழெட்டுச் சுற்று நீரைத் துப்பிவிட்டுத் தானே ஓடத் தொடங்கியது. கொதிகலன் வெள்ளிப்பற்று வைத்ததுதான். காப்பு வால்வு 2 பாரில் திறக்கிறது, 4 பாரில் குளிர்நீர்ச் சோதனையும் முடிந்தது. கெட்டி எண்ணெயைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.