பழைய மாருதி எஸ்டீம் காருக்கு பிரேக் பேடும் டிஸ்க்கும் மாத்துன அனுபவம், நீங்களும் சொல்லுங்க

சிங்காநல்லூர்க்காரர்:

நம்மகிட்ட இருக்கறது 2003 எஸ்டீமுங்க. 2007ல கம்பெனி நிறுத்திட்டாங்க, ஆனா பிரேக் சாமானுக்கு இன்னும் பஞ்சமில்ல, பஞ்சம் எல்லாம் சரியா பாத்துச் சொல்ற ஆளுக்குத்தான். கொஞ்ச நாளா 60க்கு மேல போயி பிரேக் மிதிச்சா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடும், பெடலும் காலுக்கடியில துள்ளும். குன்னூர் ரோட்டுல எறங்குறப்ப பர்லியாறு தாண்டறதுக்குள்ள வீட்டுக்காரி டேஷ்போர்டப் புடிச்சுட்டு "ஏனுங்க, ஓரமா நிறுத்துங்க"ன்னு சத்தம் போட்டுட்டா.

யாருகிட்ட கேட்டாலும் டிஸ்க் (சக்கரத்தோட சேந்து சுத்தற இரும்புத் தட்டு, பிரேக் மிதிச்சா பேடு அதத்தான் ரெண்டு பக்கமும் கவ்வும்) பெண்டாயிருச்சு, ஜோடியா மாத்துங்கங்கறாங்க. வார்ப்பிரும்பு டிஸ்க்கு அவ்வளவு லேசுல வளையாதுங்க. கனம் ஒரு பக்கம் எச்சா ஒரு பக்கம் கம்மியா தேஞ்சிருக்கும், இல்லாட்டி மலை எறங்கி கொதிக்கக் கொதிக்க செக்போஸ்ட்ல பெடல அமுத்திட்டே நின்னா பேடோட சரக்கு டிஸ்க்குல ஒரே எடத்துல அப்பிக்கும், பொறகு சக்கரம் ஒவ்வொரு சுத்து சுத்தறப்பவும் அந்த எடம் வந்து இடிக்கும். அதனால மொதல்ல வீலக் கழட்டிப் பாக்கலாம்னு உக்காந்தனுங்க. இடது பக்கம் உள்பேடு இரும்புத் தகடு தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்கு, வெளிப்பேடு பாதிக்கு மேல அப்படியே இருக்கு. பேட டிஸ்க்கு மேல அமுத்தற காலிப்பர் நகர்றதுக்கு ரெண்டு பின்னு இருக்குமில்ல, அதுல கீழ் பின்னோட ரப்பர் கிழிஞ்சு தண்ணி எறங்கி, கையில எடுத்தா செங்கப்பொடியாட்ட துரு கொட்டுது. இதப் பாக்காம புது பேடு போட்டா அதுவும் அதே மாதிரி ஒருசாய்ச்சலாத் தேஞ்சு போயிரும், கடைக்காரருக்கு மறுபடியும் வியாபாரம். பின்னும் ரப்பரும் சேர்ந்த கிட்டு தனியாவே விக்குதுங்க, அதுக்கு சாதா கிரீஸ் போடக்கூடாது, ரப்பர் உப்பிக்கும், பிரேக்குக்குன்னு இருக்கற சிலிக்கான் கிரீஸ்தான்.

டிஸ்க்கு விசயம். எவ்வளவு கனம் வரைக்கும் தேயலாம்னு டிஸ்க்குலயே மினிமம் திக்னஸ் பொறிச்சிருப்பாங்க, துருவ பிரஷ் போட்டுத் தேச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும். நம்முது அந்த அளவுக்கு மயிரிழைதான் மேல. லேத்துல ஒரு சீவு சீவிக்கலாமான்னு கேட்டா, சீவுனா அளவுக்குக் கீழ போயிரும், நான் தொடமாட்டேன்னு லேத்துக்காரரே சொல்லிட்டாரு. சரின்னு ரெண்டு பக்கமும் புதுசு.

நஞ்சப்பா ரோட்டுக்குப் போனா ஒரு கடையில ஓட்டை போட்ட டிஸ்க்க எடுத்து வெச்சு, சார் மலைக்கு இதுதான் சரிங்கறாங்க. ஓட்டைய ஒட்டி விரிசல் உடற சாமான் அது, ரோட்டு வண்டிக்கு எதுக்குங்க? சாதா டிஸ்க்கே போதும். பேடு மட்டும் நல்ல பேரு உள்ளதா, மாருதி ஜெனியூன், ரானே, பாஷ் இந்த மாதிரி எடுங்க. இன்னொரு கடையில ஜெனியூன் டப்பான்னு நீட்டுனாங்க, உள்ள பேடோட தகட்டுல ஒரு நம்பர் கூட அடிக்கல, பெயிண்டு வழிஞ்சு உரசற பக்கம் வரைக்கும் வந்திருக்கு. வெல பாதிதான். நான் அப்படியே மூடி வெச்சுட்டு வந்துட்டேன்.

சத்தி பக்கம்:

எங்களுக்கு வாரம் தவறாம திம்பம் மலை ரோடுங்க, 27 கொண்டை ஊசி வளைவு. பழைய இண்டிகா. "தேயவே தேயாது"ன்னு சொல்லி இரும்புத்தூள் எச்சா கலந்த பேட ஒரு கடையில கட்டிவிட்டாங்க. மலையில சூடானதுக்கப்பறம் நல்லாத்தான் புடிக்குது, ஆனா காலையில எடுத்தவுடனே மொத ரெண்டு மிதி கல்லாட்ட இருக்கும், வருசத்துக்குள்ள டிஸ்க்குல கோடு கோடா உழுந்துருச்சு. பேடு தேயலீன்னா டிஸ்க்கு தேயும், அம்புட்டுத்தான்.

பிரேக் ஆயிலையும் மறந்தராதீங்க. ஒருக்கா காரப்பள்ளத்துகிட்ட கரும்பு லாரிய ஆனை மறிச்சு நின்னுட்டு இருந்துச்சு, நானும் பின்னாடி நின்னு, பொறகு திம்பம் எறங்குறப்ப பெடல் பஞ்சாட்ட உள்ள போவுது. பேடும் டிஸ்க்கும் புதுசு, ஆயிலு மட்டும் பழசு. அது காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கும், குடிச்சா சீக்கிரம் கொதிக்கும், கொதிச்சா பெடல் பஞ்சாயிரும். டாட் 3, டாட் 4ங்கறது பிரேக் ஆயிலோட தரம். டாட் 4 புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் தாங்கணும், ஈரம் ஏறுனா 155க்கே வந்துரும். டாட் 3 இன்னும் கம்மி, 205ம் 140ம். ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்தீருங்க. டாட் 5ன்னு சிலிக்கான் ஒண்ணு இருக்குது, அத இதோட கலக்கவே கூடாது.

கணபதி, லேத் வெச்சிருக்கறவன்:

ஒண்ணு சொல்றனுங்க. வெர்னியர்ல டிஸ்க்க அளக்கறவங்க ஓரத்துல நிக்கற வரம்பு மேலயே வெச்சு அளந்துட்டு, கனம் இருக்குதுங்கறாங்க. தேஞ்ச எடம் உள்ள தள்ளி இருக்குது. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காசு வெச்சு அளந்துட்டு, ரெண்டு காசோட கனத்தக் கழிச்சுக்குங்க.

அப்பறம் புது டிஸ்க்கு போட்டும் ஆடுதுன்னு எங்கிட்ட வர்ற வண்டியில நெறைய, ஹப் மொகத்துல, அதாவது டிஸ்க்கு ஒக்கார்ற எடத்துல, துரு அப்படியே இருக்கும். பழைய டிஸ்க்கு ஒட்டிக்கிச்சுன்னா சுத்தியல்ல சாத்தாதீங்க, பேரிங்கு போயிரும். மாருதியில டிஸ்க்கு மேலயே மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்குது, 8 எம்எம் போல்ட்ட மாத்தி மாத்தி முறுக்குனா தானா வெளிய வரும். ஹப்ப எமரி போட்டு பளபளன்னு தேச்சு, புது டிஸ்க்கு மேல துருப்பிடிக்காம தடவியிருக்கற ஆயிலத் தொடச்சுப் போட்டு, ஆட்டத்த அளக்கற டயல் கேஜ் வெச்சுப் பாருங்க. 0.1 மில்லிமீட்டருக்கு மேல ஆடுனா கழட்டி அடுத்த போல்ட்டுக்குத் திருப்பிப் போட்டுப் பாக்கோணும்.

பொள்ளாச்சி:

சான்ட்ரோ, டவுனுக்குள்ளயே ஓடறது, எப்பவாச்சும் வால்பாறை. பேடு மட்டும் மாத்துனாப் போதுங்களாண்ணா?

சிங்காநல்லூர்க்காரர்:

டிஸ்க்குல அளவு இருந்து, ஆட்டமும் இல்லாம, நகத்த ஓட்டுனா மாட்டற மாதிரி ஆழமா கோடு இல்லீன்னா பேடு மட்டும் போதுங்க தம்பி. செராமிக் கிராமிக்குன்னு எச்சாக் காசு குடுக்காதீங்க. மாட்டுன கையோட வால்பாறை ஏறிராம, விடிகாலையில ஆளில்லாத ரோட்டுல 60ல இருந்து 15 வரைக்கும் மெதுவா மிதிச்சுக் கொறச்சு, நிறுத்தாம மறுபடி வேகமெடுத்து, ஏழெட்டுத் தடவ பண்ணுங்க, முடிச்சதும் பிரேக் தொடாம சித்த தூரம் ஓட்டி ஆறவிடுங்க. காலிப்பர்ல பேட அமுத்தற பிஸ்டன உள்ள தள்றப்ப ஆயில் டப்பா வழியும், கீழ துணி வெச்சுக்குங்க, பெயிண்டுல பட்டா உரிஞ்சிரும். கழட்டுன சூட்டுலயே பின்னாடி சக்கரத்து டிரம் பிரேக்கையும் ஒருக்கா தொறந்து பாருங்க, சிலிண்டர் கசிஞ்சு உள்ள உரசற ஷூ நனைஞ்சிருந்தா முன்னாடி எவ்வளவு காசு போட்டாலும் வீண்தான். பொடியக் காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய ஷூல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.