எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு பாட்டுப் பேச்சு

நான்: மாமா, நேற்று நீங்கள் அனுப்பிய ‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ பாட்டு, அதைப் பாடிய கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எழுதியது இல்லையாமே?

மாமா: இல்லை பாப்பா. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் எழுதியது. 1967 டிசம்பர் கடைசியில் வந்த ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ ஆல்பத்தில் இருக்கிறது. கிட்டார், ஹார்மோனிகா, ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ். அவ்வளவுதான். இதோ அனுப்புகிறேன், கேள்.

அண்ணன்: கேட்டேன் மாமா. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பல்லவியே இல்லையே!

மாமா: கிடையாது. மூன்றே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), முழுப் பாட்டும் அதிலேயே சுற்றும். கோமாளியும் திருடனும் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் கோட்டை மதில். கடைசி வரியில்தான் தூரத்தில் இரண்டு பேர் குதிரையில் வருகிறார்கள், காற்று ஊளையிடுகிறது. கதை தொடங்க வேண்டிய இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டார் மனுஷன்.

சித்தி: அண்ணா, எனக்கு அந்த வெறுமைதான் பிடித்திருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸ் பாடியதில் ஒரே இரைச்சல்.

மாமா: இரைச்சல் இல்லைம்மா, அதுதான் அந்தக் காற்று! டிலன் வார்த்தையில் விட்டதை அவர் கிட்டாரில் கொண்டுவந்தார். டிலன் ஆல்பம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1968 ஜனவரியில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவைத் தொடங்கிவிட்டார். 12 கம்பி கிட்டார் டேவ் மேசன். பேஸ் வாசிக்க வேண்டிய நோயல் ரெடிங் பாதியில் எழுந்து போய்விட, அதையும் ஹெண்ட்ரிக்ஸே வாசித்தார். நடுவில் வரும் கிட்டார் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, ஹெட்போனில் கேளுங்கள். முதலில் நேராக வாசிப்பார், பிறகு கம்பிமேல் வழுக்குவார், அப்புறம் கிட்டாரே ‘வா வா’ என்று பேசுவது போல ஒலிக்க வைக்கும் வா-வா பெடல். ஒவ்வொரு சுற்றிலும் குதிரைகள் கிட்டே வருகிற மாதிரி இருக்கும்.

அண்ணன்: டிலனுக்குக் கோபம் வரவில்லையா?

மாமா: கோபமா? 1974இல் த பேண்ட் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது அவரே பழைய அமைதியான நடையை விட்டுவிட்டு ராக்காக வாசித்தார். ஹெண்ட்ரிக்ஸ் இறந்த பிறகு தானும் அப்படித்தான் வாசிக்கிறேன் என்று பின்னால் சொல்லியும் இருக்கிறார். எழுதியவரே கவரை, அதாவது இன்னொருவர் பாடிய வடிவத்தை, பின்பற்றினார் என்றால் அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்?

நான்: யூ2 ராக் குழு பாடியதும் யூடியூபில் வருகிறதே.

மாமா: 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு திறந்தவெளி இலவசக் கச்சேரியில் பாடியது. அந்தக் குழுவின் பாடகர் போனோ சொந்த வரிகளையும் சேர்த்தார். உற்சாகம் இருக்கிறது, பயம் இல்லை. இந்தப் பாட்டுக்குப் பயம் வேண்டும். ராக் பாடகர் நீல் யங் 1992இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வாசித்ததில் அது இருக்கிறது. கிட்டார் கதறும்.

அண்ணன்: ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ டிவி தொடரிலும் வந்தது மாமா. 2007. சிதார் எல்லாம் வைத்து பேர் மெக்ரியரி அமைத்தது.

மாமா: அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்! ஹெண்ட்ரிக்ஸை நகலெடுக்காமல் வேறு வழியில் போனார்.

சித்தி: சரி அண்ணா, ஹெண்ட்ரிக்ஸை இன்னொரு முறை கேட்கிறேன். ஆனால் டிலன்தான் எனக்கு முதலில்.

மாமா: கேட்க வேண்டிய வரிசையும் அதுதான். முதலில் டிலன், உடனே ஹெண்ட்ரிக்ஸ், அப்புறம் ‘பிஃபோர் த ஃப்ளட்’ ஆல்பத்தில் இருக்கும் 1974 கச்சேரி. மூன்றையும் அனுப்புகிறேன்.