அம்மா அப்பாவோட கதையில்லை, லோனுக்கு அவையின்ர வருமானம் கேக்குது

நிலா19:
வயது 19. செப்டம்பரில் யூனி, லண்டனுக்கு வெளியே. போன வருஷம் சித்திரையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டனான், காரணம் இங்கே வேண்டாம். ஸ்நேகிதி வீட்டில் இருந்துதான் படிக்கிறேன். ஸ்டூடண்ட் ஃபினான்ஸ் (அரசாங்கப் படிப்புக் கடன்) விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமானமும் நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் கேட்டு அதிலேயே நிற்குது. அவையோட தொடர்பில்லை என்றால் அது இல்லாமலும் தருவினமாம். தங்கச்சி மட்டும் ஒளிச்சு வாட்ஸ்அப்பில் எழுதுவாள். தை மாதம் ஒரு கலியாணத்தில் அம்மாவைக் கண்டேன், முகத்தைத் திருப்பிட்டா. இதையெல்லாம் தொடர்பு என்று எடுப்பினமா?

குமார் அங்கிள்:
பிள்ளை, பெத்த கோபம் எத்தனை நாளைக்கு? ஆராவது பெரியாக்களை வச்சுக் கதைச்சுப் பாரும்.

வதனி:
அங்கிள், நல்ல மனசோடதான் சொல்லுறீங்கள். ஆனா லோனுக்காகச் சமாதானம் பேசப் போனா அது சமாதானமில்லை, பேரம்.

நிலா, நான் ஒரு யூனியில் மாணவர் நலப் பகுதியில் வேலை செய்யிறன். 25 வயசுக்குக் கீழே என்றால் வழமையாப் பெற்றோர் வருமானத்தைத்தான் பார்ப்பினம். தாய் தகப்பன் ரெண்டு பேரோடும் உறவு அறுந்திட்டுது என்று காட்டினால் உங்களைத் தனி ஆளாக் கணக்கெடுப்பினம். பொதுவா 12 மாதம் கதை பேச்சில்லாமல் இருக்க வேணும், உங்களுக்கு அது தாண்டிட்டுது. தங்கச்சியின்ர மெசேஜ் பிரச்சினையில்லை, கேள்வி தாய் தகப்பனைப் பற்றித்தான். கலியாண வீட்டு விஷயத்தை மறைக்காமல் நடந்தபடி எழுதுங்கோ. ஒரே மண்டபத்தில் நின்றதை உறவு என்று நான் சொல்லமாட்டன்.

இதில் காசு வித்தியாசம் பெரிசு. 2025/26இல் லண்டனுக்கு வெளியே, பெற்றோர் வீட்டில் இல்லாமல் இருக்கிறவைக்கு வாழ்க்கைச் செலவுக்கான முழு லோன் 10,544 பவுண்டாய் இருந்தது. வருமானம் காட்டாட்டி 4,915தான். அதில் ஹோல் (யூனி விடுதி) வாடகையே கட்டேலாது.

எங்கட பிள்ளையள் வழுக்கிறது வேற இடத்தில. உறவு அறுந்ததை வெளியாள் ஒருவர் எழுதித் தர வேணும்: டீச்சர், டொக்டர், சோஷல் வேர்க்கர், கவுன்சிலர். வீட்டுக் கதை வெளியில் போகக்கூடாது என்று வளர்ந்த நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லியிருக்கமாட்டம், பிறகு எழுதித் தர ஆள் இல்லை. ஸ்நேகிதியின்ர அம்மா எழுதுறது பாரமாய் நிற்காது, தொழில்முறையில் உங்களைத் தெரிஞ்சவர் வேணும். உங்களுக்கு ஆர் இருக்கினம்?

நிலா19:
சிக்ஸ்த் ஃபோர்ம் (பள்ளிக்கூடத்தின்ர கடைசி ரெண்டு வருஷம்) டியூட்டருக்குத் தெரியும். மொக் எக்ஸாம் நேரம் ஏன் ஒரே ஜம்பரோடு வாறாய் என்று கேட்டவ, அழுதிட்டன்.

வதனி:
அவதான் உங்களுக்கு வேணும். திகதி போட்டு எழுதச் சொல்லுங்கோ: எப்ப தெரியவந்தது, ஆர் வீட்டில் இருக்கிறீங்கள், பிறகு ஆரும் பள்ளிக்கு வந்தவையோ.

ரமணன்_லீட்ஸ்:
நானும் இப்படிப் படிச்சவன்தான். லோனை விட கோடை விடுமுறைதான் கஷ்டம், மற்றவை வீட்டுக்குப் போக ஹோலைப் பூட்டிடுவினம். வருஷம் முழுக்க இருக்கிற அறை தருவீங்களா, வெளியில் வீடு எடுத்தா கேரண்டரா (வாடகைக்குப் பிணையா) நிற்பீங்களா என்று யூனியிடம் இப்பவே கேளும். யுனைட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு எங்களைப் போல ஆக்களுக்கு மூன்று வருஷம் வரை இலவச அறை குடுக்குது. எல்லா யூனியும் அதில் இல்லை, உம்மட யூனி இருக்கா என்று பாரும்.

நிலா19:
யூனி வீட்டுக்குப் போன் எடுக்குமா? அதுதான் பயம்.

வதனி:
வழமையா உங்களைக் கேளாமல் எடுக்காது. மாமி என்று சொல்லி ஆரும் எடுத்தாலும் நீங்கள் அங்க படிக்கிறீங்களா என்றுகூடச் சொல்லக்கூடாது. அவசரத் தொடர்புக்கு ஸ்நேகிதியின்ர அம்மா பெயரைக் குடுங்கோ. கடித விலாசத்தையும் மாத்துங்கோ, பழைய வீடு கிடந்தால் லோன் கடிதம் அப்பாவின்ர கையில போய் விழும். டியூட்டரை ஜூலையில் பள்ளிக்கூடம் பூட்ட முதல் பிடியுங்கோ, பிறகு செப்டம்பர் வரை ஆள் கிடைக்காது.