தட்டானைத் தின்னும் கிரேஃபிஷுக்கு வக்காலத்து எதற்கு?

நாணல்காரன்:
நேற்று வேறொரு இழையில் கணக்கர் அருளிய வாக்கு: "ஹைன்ஸ் எமரால்ட் தட்டான்பூச்சியின் லார்வாவை, அதாவது நீரில் வளரும் இளம் பூச்சியை, கிரேஃபிஷ் என்ற இறால் மாதிரியான நன்னீர் உயிரி தின்கிறது. கிரேஃபிஷைப் பிடித்து அப்புறப்படுத்தினால் தட்டான் தானாகப் பெருகும். தட்டானுக்காக நெடுஞ்சாலைப் பாலத்தை உயர்த்தியதெல்லாம் தண்டச் செலவு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்கா 1995இல் அழிநிலைப் பட்டியலில் சேர்த்த தட்டான் அது. இல்லினாயில் டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றோரம், விஸ்கான்சினில் டோர் கவுண்டி, மிச்சிகன், மிசௌரி என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம். டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் மாதிரியான பாறைமேல் ஊற்றுநீர் மெல்லிசாகக் கசிந்தோடும் சதுப்புதான் அதன் வீடு. கோடை முடிவில் அந்த நீர் வற்றும், குளிரில் உறையும். அப்போது லார்வா எங்கே போய் ஒளியும்? கிரேஃபிஷ் தோண்டிய வளைக்குள்தான். கிரேஃபிஷை விரட்டிவிட்டு வளையை யார் தோண்டுவது? கணக்கரா?

கணக்கர்:
இவ்வளவு நீளம் எழுதியும் கேள்விக்குப் பதில் இல்லை. கிரேஃபிஷ் லார்வாவைத் தின்கிறதா, இல்லையா?

நாணல்காரன்:
தின்கிறது. யார் இல்லை என்றது? பின்டர், சொலுக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வே இதைப் பற்றித்தான். தின்பதால் வரும் நஷ்டத்தைவிட, வறட்சியில் வளை தரும் அடைக்கலம் பெரிது என்று முடித்திருக்கிறார்கள். அந்த வளையைப் பார்த்திருக்கிறீர்களா? வாயைச் சுற்றி ஈரமண் உருண்டைகளை அடுக்கிக் குட்டிப் புகைபோக்கி மாதிரி கட்டியிருக்கும். உள்ளே குழி நிலத்தடி நீர் வரைக்கும் இறங்கும். மேலே தரை வெடித்துக் கிடந்தாலும் கீழே ஈரம் இருக்கும். லார்வா நாலைந்து வருஷம் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இறக்கை முளைத்த பிறகு வாழ்க்கை வெறும் சில வாரம்.

கணக்கர்:
"தின்கிறது." நன்றி. அதைத்தான் நானும் சொன்னேன்.

மழைப்பாடி:
இரண்டு பேரும் சின்னப் பூச்சிக்கு இவ்வளவு சண்டையா? இதே அமெரிக்காவில்தான் 1993இல் ஒரு ஈக்காக ஆஸ்பத்திரியையே 250 அடி நகர்த்தினார்கள். நோயாளி பெரிதா, ஈ பெரிதா?

நாணல்காரன்:
மழைப்பாடி, அது கலிஃபோர்னியாவின் மணல்மேட்டு ஈ. டெல்லி சாண்ட்ஸ் ஈ என்று பெயர். சதுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்புறம், கட்டி முடித்த ஆஸ்பத்திரியை யாரும் பெயர்த்து நகர்த்தவில்லை. கட்டப்போகும் இடத்தைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். கேள்விப்பட்டதை எல்லாம் இங்கே கொட்டாதீர்கள்.

மழைப்பாடி:
250 அடி சரிதானே? பிறகு எதற்கு இந்தக் குதி? நீங்கள்தான் இங்கே வாத்தியார் என்று யார் நியமித்தது?

கணக்கர்:
அவரே நியமித்துக்கொண்டார். ஆமை இழையில் பதில் இல்லாமல் நழுவியவர்தான் இவர். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண் தட்டானின் முட்டையைச் சேகரித்து, ஆய்வகத் தொட்டியில் லார்வாவை வளர்த்துச் சதுப்பில் விடுகிறார்கள். அந்தத் தொட்டியில் துணைக்குக் கிரேஃபிஷையும் போடுகிறார்களா? போட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். ஏனென்றால் அது தின்னும்.

நாணல்காரன்:
தொட்டி வற்றாது ஐயா! வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது. சதுப்புக்கு யார் ஊற்றுவார்கள்? ஊற்றே நின்றுபோவதுதான் ஆபத்து. பக்கத்தில் கல்குவாரி வெட்டுகிறார்கள், நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள், வீட்டு மனை போடுகிறார்கள். இதில் ஒன்றைப் பற்றியாவது நீங்கள் மூச்சு விட்டீர்களா? பாவம் கிரேஃபிஷ், அதற்கு வக்கீல் வைக்க வசதி இல்லை. உயர்த்திய பாலத்தையும் தண்டம் என்றீர்கள். இல்லினாயில் 355ஆம் எண் நெடுஞ்சாலையை 2007இல் நீட்டியபோது, தாழப் பறக்கும் தட்டான் வண்டியில் அடிபடக் கூடாதென்றுதான் பாலத்தை உயர்த்திக் கட்டினார்கள். ஆமை இழையில் நான் நழுவவில்லை. உங்கள் வசவைப் படிக்கச் சகிக்காமல் விலகினேன்.

நீர்க்கோழி:
நாணல்காரன் சொல்வதில் பாதி சரி. ஆனால் கிரேஃபிஷ் வளை மட்டும் இருந்து, ஊற்று இல்லாவிட்டாலும் லார்வா சாகும். அதை அழுத்திச் சொல்லலாமே.

நாணல்காரன்:
பாதி சரியா? ஊற்றே நின்றுபோவதுதான் ஆபத்து என்று மேலே எழுதியது கண்ணில் படவில்லையா? முழுசாகப் படித்துவிட்டு மார்க் போடுங்கள்.

நீர்க்கோழி:
ஆதரவாகப் பேச வந்தவனையும் கடிக்கிறீர்கள். நல்லது, இனி வாயைத் திறக்க மாட்டேன்.

கணக்கர்:
கிரேஃபிஷ் கூட இவ்வளவு கடிக்காது போலிருக்கிறது.

நாணல்காரன்:
கிண்டல் இருக்கட்டும். வறண்ட கோடையில் வளை இல்லாத சதுப்பில் லார்வா எப்படிப் பிழைக்கும்? ஒரே ஒரு வழி சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்கர்:
குழாயைப் புதைத்துச் செயற்கை வளை செய்யலாம். பாலம் கட்டிய காசில் ஆயிரக்கணக்கில் செய்யலாம். அதில் தின்னும் ஆள் இருக்காது.

நாணல்காரன்:
குழாயா! அடைத்துப்போனால் வருஷா வருஷம் யார் தூர்வாருவது? கிரேஃபிஷ் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை அது.

கணக்கர்:
சம்பளம் இல்லையா? லார்வாதான் அதன் சம்பளம். நீங்களே ஒப்புக்கொண்டீர்களே.

மழைப்பாடி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நோயாளி பெரிதா, ஈ பெரிதா?

நாணல்காரன்:
மழைப்பாடி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள். கணக்கரே, குழாய்க் கணக்கை எழுதிக் காட்டுங்கள். இன்று இரவு முழுக்க இங்கேதான் இருப்பேன்.