ஆஃப்சைடு: ‘முந்துநிலை’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்தின் ‘ஆஃப்சைடு’க்கு இங்கே தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். கூட்டாளி பந்தை உதைக்கும் நொடியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி எதிர்க் கோல் பக்கமாக நிற்பதுதான் ஆஃப்சைடு நிலை. அதற்கு இதுவரை வந்த ‘எல்லைமீறல்’, ‘புறப்பிழை’ இரண்டிலும் எனக்கு ஒரே தயக்கம்தான். அந்த இடத்தில் நின்றாலே குற்றம் என்று அவை சொல்லிவிடுகின்றன. கால்பந்தின் 11-ஆம் விதியோ, அங்கே நிற்பது குற்றமல்ல என்றுதான் தொடங்குகிறது. நின்றவர் பந்தை ஆடினாலோ, எதிராளிக்கு இடைஞ்சல் செய்தாலோ, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தால் ஆதாயம் அடைந்தாலோதான் கொடி உயரும். அப்புறம், மீறுவதற்கு அங்கே வரைந்த எல்லையும் இல்லை. எதிரணி நகர நகர அந்த இடமும் நகர்கிறது.

கோத்தகிரியில் ஞாயிறுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஆஃப்சைடு என்றதும் பாதிப் பேருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வருகிறது. மைதானத்தில் ஏதோ ஒரு பக்கம் என்று எண்ணி ஓரக்கோட்டைப் பார்க்கிறார்கள். போன வாரம் மூடுபனி இறங்கி எதிர்க் கோல் கம்பமே மறைந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, நாலு பேரை நிற்கவைத்து விளக்கினேன். “கடைசியில் நிற்பது பெரும்பாலும் கோல்கீப்பர். அவருக்கு முந்தின ஆள் இந்த டிஃபெண்டர். உன் கூட்டாளி பந்தை உதைக்கிற நொடியில், நீ இந்த டிஃபெண்டரையும் பந்தையும் முந்தி நிற்கிறாயா?” ஒரு சிறுமி கேட்டாள்: “உதைச்ச அப்புறம் முந்தி ஓடலாமா சார்?”

தாராளமாக ஓடலாம். முந்தி ஓடுவதில் தவறில்லை, அந்த நொடியில் எங்கே நின்றோம் என்பதுதான் கணக்கு. அதனால்தான் ‘முந்துநிலை’ என்கிறேன். ‘நிலை’ அதில் கட்டாயம் வேண்டும்.

சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று 1990-இல் விதியை மாற்றினார்கள். நம் சொல்லில் அது தானாகவே அடங்குகிறது. பக்கத்தில் சமமாக நிற்பவரை முந்தியவர் என்று யாரும் சொல்வதில்லை. 1925-க்கு முன் நமக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும், அப்புறம் அது இரண்டாகக் குறைந்தது. எண்ணைச் சொல்லில் பொதியாததால் அந்த மாற்றத்துக்கும் இது ஈடுகொடுக்கிறது.

தன் பாதியில் நிற்பவர் எல்லோரையும் முந்தி நின்றாலும் ஆஃப்சைடு இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்து நேராக வரும் பந்துக்கும் அப்படித்தான். அவற்றை அகராதி விளக்கத்தில் சேர்ப்போம்.

நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ‘முந்துநிலைப் பிழை’. டிஃபெண்டர்கள் ஒன்றாக முன்னேறி எதிராளியைச் சிக்கவைக்கும் உத்தி ‘முந்துநிலைப் பொறி’. ஆன்சைடுக்குத்தான், அதாவது ஆஃப்சைடில் இல்லாமல் நிற்பதற்குத்தான், இன்னும் சரியான சொல் அமையவில்லை. ‘முந்தாநிலை’ என்றால் முந்தாநாள் காதில் விழுகிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கிறேன்.