நாரி நோவுக்குத் தியானம்: பலன் இருக்கா, வீண் தாமதமா?

பனங்கூடல்:
கண்ணை மூடி இருந்தால் நாரி நோ பறந்திடும் எண்டு வாட்ஸ்அப்பில காணொளி சுத்துது. அதை நம்பி ஆக்கள் மருந்தை விடுகினம். நரம்பு நோவுக்குக் குடுக்கிற கபாபென்டின், பிரெகாபலின் போன்ற மருந்துகளைத் திடீரெண்டு நிப்பாட்டவே கூடாது. வைத்தியர் சொல்லித்தான் படிப்படியாய்க் குறைக்க வேணும். அதோட நாரி நோக்காரர் சம்மணம் கட்டி 45 நிமிசம் இருந்தால் நோ கூடத்தான் செய்யும். நடையும் உடற்பயிற்சியும்தான் வழி.

வழுக்கையாறு:
மருந்து விசயத்தில உங்களோட நிக்கிறன் அண்ணை. ஆனால் சம்மணம் தேவையே இல்லை. 1979 இல மசாசுசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில ஜோன் கபற்-சின் தொடங்கின 8 கிழமைத் தியானப் பயிற்சியில முதல் கிழமைகள் படுத்திருந்து செய்யிறதுதான். பாயில மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழ தலையணை வையுங்கோ. இடது கால்விரலில தொடங்கி, ஒவ்வொரு இடத்திலயும் நாலைஞ்சு மூச்சு கவனம் வைச்சு மேல வாங்கோ. நோ உள்ள இடம் வந்தால் எரிவா, குத்தா, இறுக்கமா, எதுவரை பரவுது, மூச்சோட மாறுதா எண்டு பாருங்கோ. பத்துக்கு ஏழுக்கு மேல நொந்தால் அங்க நிக்க வேண்டாம். உள்ளங்கைக்குப் போய், தணிஞ்ச பிறகு திரும்புங்கோ.

கனபேர் பிழைக்கிறது ஒரே இடத்திலதான்: "போயிட்டுதா, போயிட்டுதா" எண்டு சோதிச்சுக்கொண்டு கிடக்கிறது. அப்ப மூச்சு அடைபடும், தசை இறுகும், நோ கூடும்.

2016 இல அமெரிக்காவில நாரி நோக்காரர் 342 பேரில செய்த ஆய்வில, 26 கிழமையில நாளாந்த வேலைத்திறன் நல்லாய்த் தேறினவை இந்தப் பயிற்சியில 60.5 வீதம், வழமையான சிகிச்சையில மட்டும் இருந்தவை 44.1 வீதம்.

பனங்கூடல்:
அதே ஆய்வில சிந்தனை–நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பழக்கிற பேச்சுச் சிகிச்சை) எடுத்தவை 57.7 வீதம். அப்ப தியானத்துக்கெண்டு தனிச் சக்தி எங்க? 8 வகுப்பில ஆறுக்காவது வந்தவை பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான். வயலும் தோட்டமும் பார்க்கிற ஆள் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் ஒதுக்குவாரா?

கைதடி அக்கா:
தம்பிமார், இரண்டு பேரும் ஒண்டை விட்டிட்டியள். இஞ்ச யுத்தத்தில ஷெல் பட்ட காயக்காரர் கனபேர். கண்ணை மூடிக் காயப்பட்ட இடத்தைக் கவனிக்கச் சொன்னால் அந்த நாள் அப்படியே திரும்பி வரலாம். அவைக்குக் கண் திறந்தபடி, கதிரையில, பாதம் நிலத்தில, ஐஞ்சு நிமிசம் போதும். நெஞ்சு படபடத்தால் நிப்பாட்டி, அறையில உள்ள பொருட்களைப் பேர் சொல்லிப் பார்க்கட்டும். உடம்பில ஷெல் துண்டு இருந்தால் எம்ஆர்ஐ (காந்தத்தால உடம்பைப் படம் பிடிக்கிறது) எடுக்க முதல் கட்டாயம் சொல்ல வேணும்.

சலம் போக ஏலாமல் வாறது, இருக்கை படுற இடம் விறைக்கிறது, கால் சோருறது, நோவோட காய்ச்சல், காரணமில்லாமல் மெலியிறது, இதில எது வந்தாலும் தியானம், எண்ணெய், ஒத்தடம் எல்லாத்தையும் விட்டிட்டு அண்டைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேணும்.

வழுக்கையாறு:
சரியாய்ச் சொன்னீங்கள் அக்கா. பனங்கூடல் அண்ணை, நேரம் இல்லாதவர் பத்து நிமிசத்தில தொடங்கட்டும். சாப்பிட்ட உடன செய்தால் நித்திரைதான் வரும்.

பனங்கூடல்:
பத்து நிமிசம் எண்டால் மறுக்கேல்லை, நடையைக் குறைக்காத வரைக்கும். ஆனால் நோவின்ர அளவை மட்டும் எழுதினால் ஏமாறுவினம். எவ்வளவு நேரம் நிண்டு சமைச்சவை, எவ்வளவு தூரம் சைக்கிள் ஓடினவை எண்டதையும் பக்கத்தில எழுதட்டும். நாலு கிழமையில அது கூடேல்லை எண்டால் கிளினிக்குக்குத் திரும்பிப் போக வேணும்.