8 அங்குலத் தொலைநோக்கியில் என்சிலடஸ் தெரியுமா?

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 2009 பிப்ரவரி 24 அன்று எடுத்த சனிக் கோளின் படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டைட்டன், மைமாஸ், டையோனி, என்சிலடஸ் என நான்கு நிலவுகள் அன்று கோளின் முகத்தைக் கடந்தன. வட துருவப் பக்கம் விழுந்த டைட்டனின் கரிய நிழலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. வளையங்கள் விளிம்பாகத் தெரியும் காலத்தில்தான் டைட்டன் இப்படிக் குறுக்கே வரும்; ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒரு வாய்ப்பு. 2025 மார்ச்சில் விளிம்பாகத் தெரிந்த வளையங்கள் மீண்டும் விரியத் தொடங்கிவிட்டன.

வளையங்களின் ஒளி கண்ணைக் கூசச் செய்வதற்குள் ஒரு யோசனை தேவை. என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன் (எளிய தாங்கியில் அமர்ந்த, ஆடி வகைத் தொலைநோக்கி). மொட்டைமாடியிலிருந்து டைட்டனும் ரியாவும் எளிதாகத் தெரிகின்றன. டெதிசும் டையோனியும் நல்ல இரவுகளில். பிரகாச எண் (எண் கூடக் கூட மங்கல்) 12-ஐ நெருங்கும் என்சிலடஸ் மட்டும் கோளின் ஒளியில் கரைந்துவிடுகிறது. (மைமாஸ் மீது எனக்குப் பேராசை இல்லை!)

நகர வானத்தில், இதே அளவுக் கருவியில் என்சிலடஸைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு உருப்பெருக்கம் வைத்தீர்கள்? கண்ணருகு வில்லைக்குள் மெல்லிய பட்டை ஒட்டிக் கோளை மறைக்கலாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் எந்தப் பொருளை, எந்த இடத்தில் ஒட்டினீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி. படம் இருந்தால் இன்னும் நல்லது.